சிதம்பரத்தில் இறங்கிய குட்டிச் சூரியன்

சிதம்பரத்தில் சூரியன் இறங்கிவிட்டது.

முழுச் சூரியன் அல்ல. அது வழக்கம்போல மேலேயே இருந்து எல்லோர் மண்டையையும் இலவசமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இலவசம் என்பதால் அதைக் கும்பிட யாருக்கும் நேரமில்லை. இறங்கியது குட்டிச் சூரியன். தேங்காய் அளவுதான் இருக்கும். கடலூர் சாலையில், முகூர்த்தம் இல்லாமல் சும்மா கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில், மணமக்கள் உட்காரும் மேடையில், பட்டு விரித்த மேசையின் மேல் எழுந்தருளியிருந்தது.

2012ஆம் வருஷத்துக் கோடை அது. தானே புயல் சாய்த்த கம்பங்களை நிமிர்த்தி நட்டாகிவிட்டது. மின்சாரம் மட்டும் நிமிரவில்லை. இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தி. சட்னி மிக்சிக்குள் பாதி அரைபட்டு நிற்கும். பெண் பார்க்க வந்தவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போய், பகலில் வந்து இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், கரண்ட் போன பிறகு ஒரு கண்ணாடி உருண்டைக்குள் ஊதா நிறத்தில் நெருப்பு நெளிகிறது என்றால் கூட்டம் வராமல் இருக்குமா? குமராட்சியிலிருந்து மினிபஸ் ஏறி வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தது. வடலூரிலிருந்து வேன் பேசிக்கொண்டு வந்தது.

உருண்டையைச் சுற்றி ஒரு பெரிய வளையம். செம்புக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றிய வளையம். அதன்மேல் சூலம், சிலுவை, பிறை மூன்றும் வரைந்திருந்தது. எந்த மதத்துக்காரரும் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போய்விடக் கூடாது என்பதில் சூரியகாந்த அடிகள் கண்டிப்பானவர்.

அடிகள் மைக்கைப் பிடித்தால் மண்டபம் மூச்சு விடாது.

"ஒலகத்துல பெரிய பெரிய நாடெல்லாம் ஒண்ணு சேந்து, பிரான்சு நாட்டுல கொட்டாய் போட்டு, சூரியனக் காந்தத்தால கட்டிப் போடப் பாக்குறான். முடியல. ஏன்? அவன்கிட்ட படிப்பு இருக்கு, பக்தி இல்ல. நான் சிதம்பரத்துல கட்டிட்டேன்!"

கைதட்டல்.

வரிசையில் போய் உருண்டையின் மேல் விரலை வைக்க வேண்டும். பாவம் எங்கே இருக்கிறதோ அங்கே ஜோதி பாயும் என்பது விதி. யார் விரலை வைத்தாலும் பாய்ந்தது. மாவட்டமே பாவம் செய்திருந்தது. பக்கத்தில் உண்டியல் இருந்ததால் பிரச்சினை இல்லை. பிறகு வளையத்துக்குள் வைத்து எடுத்த காந்தத் தீர்த்தம், ஆளுக்கு ஒரு பாட்டில். சர்க்கரை, வலிப்பு, மலடு, வழக்கு எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான்.

இந்தச் சூரியனை ஒருவகையில் பெற்றுப்போட்டவள் தான்தான் என்பது ஆரோக்கிய அனிதாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

கடலூர் முதுநகர்ப் பெண். பகலில் திருப்பாதிரிப்புலியூரில் சுப்பராயலுவின் ஃப்ளெக்ஸ் கடையில் பேனர் வடிவமைக்கிற வேலை. மாலையில் எலக்ட்ரிகல் டிப்ளமோ வகுப்பு. எதையும் ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்வாள், எழுதியதை நம்பமாட்டாள். வீட்டுக் கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்திப் பார்க்க வேண்டுமானால், எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டில் ஒரு வாயுவை வைத்திருக்க வேண்டும். பாத்திரம் தாங்காது என்பதால் காந்தத்தாலேயே கூண்டு கட்டுகிறார்கள். மெதுவடை வடிவத்தில் ஒரு கூண்டு. இதைச் சம்பளத்துக்குச் செய்கிற விஞ்ஞானிகள் ஒருபுறம் இருக்க, சம்பளமே இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் கூண்டை வரைந்து, அது நிற்குமா ஒழுகுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இணையத்தில் கூடி, ஒருவர் கணக்கில் ஒருவர் பிழை கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்கள். கடலூரிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒரே ஆள் அனிதா.

பேனர் அச்சாகிற நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் அவளுடைய கணக்கு ஓடும். வடையைச் சுற்றிக் கம்பிச் சுருள்களை வைக்க வேண்டும். காந்தக் கோடுகள் எப்படிப் போகின்றன என்று திரையில் வரும். கோடு சுற்றிச் சுற்றி உள்ளேயே வந்தால் கூண்டு நல்ல கூண்டு. கோடு வெளியே ஓடினால் ஓட்டை. ஒருநாள் ஒரு சுருளுக்கு மட்டும் மின்சாரத்தைத் திசை மாற்றிக் கொடுத்துவிட்டாள். உள்ளே வட்டம் வட்டமாக அழகாக வந்த கோடுகள், ஒரு பக்கத்தில் மட்டும் பிய்த்துக்கொண்டு மேலே சீறின. கோப்புக்குத் 'தப்பு' என்று பெயர் வைத்து, எங்கே தவறினோம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"இன்னாம்மா இது, கோலமா?"

பேனர் அடிக்க வந்த மணிவண்ணன். ஏதோ மடத்துக்குச் செயலாளர் என்று சொல்லிக்கொண்டார்.

"இல்ல சார், காந்தக் கோடு. சூரியன அடைச்சி வெக்கிற கூண்டு. ஆனா இது வீணாப் போச்சி. இந்தப் பக்கம் பாருங்க, ஒழுவுது."

"ஒழுவுதா? எனக்கு ஜோதி மாதிரில்ல தெரியுது!"

யாராவது கேட்டுவிட்டால் விளக்காமல் இருக்க அனிதாவால் முடியாது. டீ வந்து, ஆறி, ஆடை கட்டும் வரை விளக்கினாள். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டுகிற கூண்டைப் பற்றிச் சொன்னாள். மணிவண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவள் பேச்சை வாழ்க்கையிலேயே இவ்வளவு கவனமாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு ராத்திரி அவள் சந்தோஷமாகத் தூங்கினாள்.

மறு வாரம் கடை வாசலில் பேனர் காய்ந்துகொண்டிருந்தது. 'சிதம்பரத்தில் குட்டிச் சூரியன்' என்று தலைப்பு. நடுவில் அடிகளின் சிரிப்பு. அடிகளின் தலைக்குப் பின்னால், ஒளிவட்டமாக, அவளுடைய 'தப்பு'. ஓட்டை இருந்த பக்கம் உச்சந்தலைக்கு நேராக வரும்படி திருப்பி வைத்திருந்தார்கள்.

"அண்ணே! அது தப்பான படம்ணே! அந்தக் கூண்டுல ஒண்ணும் நிக்காது!" என்றாள் முதலாளியிடம்.

"அவுங்களே உன் மானிட்டரக் காட்டி, இதான் வேணும்னு கேட்டாங்க, குடுத்தேன். சதுர அடிக்குக் கேட்ட ரேட்டு வந்துச்சில்ல? அப்பறம் இன்னா தப்பான படம், சரியான படம்?" என்றார் சுப்பராயலு.

இதோடு போயிருந்தால் அனிதா தன்னை நாலு திட்டுத் திட்டிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள். போகவில்லை. அவளுடைய அம்மா இன்னாசிமேரி சிதம்பரத்துக்குப் போனாள்.

இன்னாசிமேரிக்குச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் ஊசி. கரண்ட் இல்லாத ஊரில் ஃபிரிட்ஜை நம்ப முடியாது என்று, மருந்துப் புட்டியை நனைந்த துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு குணசுந்தரி, முழங்கால் வலிக்கு அடிகளைப் பார்த்துவிட்டு வந்தவள், "மேரிக்கா, அங்க சிலுவையும் போட்டிருக்குக்கா, நீயும் வரலாம்" என்று கூட்டிப் போனாள். அடிகள் இன்னாசிமேரியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஊசி உள்ள போவுற ஒடம்புல ஒளி உள்ள போவாது. ஒரு மண்டலம் ஊசிய நிறுத்து தாயி."

ஒரு சாயங்காலம் அனிதா பானையைத் திறந்தபோது புட்டியைக் காணோம். அந்த இடத்தில் காந்தத் தீர்த்தம் உட்கார்ந்திருந்தது.

"ம்மா! மருந்து எங்க?"

"அத எதுக்கு நீ கேக்குற? எனக்கு எவ்ளோ நல்லாருக்கு தெரியுமா?"

நல்லாயிருந்த லட்சணம் அவள் காலில் தெரிந்தது. செருப்புக் கடித்த பெருவிரல் புண், சிவப்பு மாறிக் கருப்புக்கு வந்திருந்தது. வீடு முழுக்க ஒரு வாடை. இன்னாசிமேரி அதற்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தாள்.

"ம்மா, அது பொம்மைம்மா. பாண்டிச்சேரில ஃபேன்சி ஸ்டோர்ல விக்கிறான். யாரு கை வெச்சாலும் வெளிச்சம் வரும்."

"மாதா சொரூபங்கூடக் கடையிலதான் விக்கிறான். அதனால மாதா பொம்மையா?"

"பேனர்ல இருக்குற சக்கரம் நான் போட்ட படம்மா! அதுலயும் தப்பு!"

இன்னாசிமேரியின் முகம் மலர்ந்தது. "பாத்தியாடி! ஒனக்கே தெரியாம ஒங்கையால வரைய வெச்சிருக்காரு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கும் அவள் அசையவில்லை. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்; சுவர் பதிலாவது பேசாமல் இருக்கும்.

அடுத்த மூன்று நாளும் மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அனிதா சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். பக்தர்கள் உருண்டையைப் பார்த்தார்கள். அவள் வளையத்தைப் பார்த்தாள். அதில் சுற்றியிருந்த கம்பியின் ஒரு முனை சூலத்தின் அடியில் செருகியிருந்தது. இன்னொரு முனை பிறையின் அடியில். இரண்டும் எங்கும் போகவில்லை. மின்சாரம் வந்து போக வழியில்லாத கம்பியில் காந்தம் ஏது?

சரி, பொய்தான் என்று அங்கேயே முடிவு கட்டியிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் கட்டியிருப்பார்கள். அனிதாவுக்குப் பஸ்சில் வரும்போதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை உள்ளே இன்னொரு சுருள் இருந்தால்? கடுங்குளிரில் வைத்த கம்பியில் ஒருதடவை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதுவாக இருந்தால்? மறுநாள் போய்ப் பார்த்தாள். வளையத்தின்மேல் சாத்தியிருந்த மல்லிகைச் சரம் வாடி வியர்த்துக் கிடந்தது. அந்தக் குளிர் இருந்தால் பூ கல்லாகியிருக்க வேண்டும். கை வைத்துக் குளிர்காயலாம் போலிருக்கிற மண்டபத்தில் எங்கே குளிர்? அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. ஆனால் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால், "பூ வாடாம இருக்குறது ஒரு அதிசயமா, வாடுறதுதான் அதிசயம்" என்பாள்.

தெரிந்ததைச் சொல்லிப் பயனில்லை. அடிகள் சொன்னதையே சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

அடிகள் ஒன்றைத் தினமும் சொன்னார். வளையத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டு அசைந்தால் சூரியன் அவிழ்த்துக்கொள்ளும். சிதம்பரத்திலிருந்து வடலூர் வரை சாம்பல். கூட்டம் இதைக் கேட்டு நடுங்கி, இன்னும் கொஞ்சம் காணிக்கை போடும். அனிதாவுக்கு இதைக் கேட்கிறபோதெல்லாம் சிரிப்பு வரும். காந்தக் கூண்டிலிருந்து தப்பித்த வாயு ஊரை எரிக்காது. சுவரில் பட்டதும் சூடு இறங்கிச் செத்துப்போகும். அதைச் சாகாமல் வேண்டிய சூட்டில் வேண்டிய நேரம் பிடித்துவைக்க முடியவில்லையே என்றுதான் பிரான்சிலும் மற்ற இடங்களிலும் படித்தவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கரண்ட் போயிற்று. ஜோதி வந்தது. இன்னாசிமேரி முன்வரிசையில், காலைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடக்க முடியாமல் குணசுந்தரியின் தோளைப் பிடித்து வந்திருந்தாள். ஐயம் தீர்க்கும் நேரம் என்று பேட்டரி மைக் கூட்டத்துக்குள் வந்தது. ஒருவர் பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டார். இன்னொருவர் போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று கேட்டார். மைக் அனிதாவிடம் வந்தது. எழுந்து நின்றாள்.

"சாமி, அந்த வளையம் எதுக்கு?"

"சூரியனக் கட்டி வெக்கத்தான் தாயி."

"கழட்டிட்டா?"

"வடலூரு வரைக்கும் சாம்பல்."

"நீங்க?"

"ஏய், இன்னா கேள்வி கேக்குற!" என்று பின்னாலிருந்து ஒருவர் எகிறினார். அடிகள் கையமர்த்தினார். கருணையோடு சிரித்தார்.

"நானும் சாம்பல்தான். ஒங்களுக்காக உசுரப் பணயம் வெச்சித்தான் இது பக்கத்துல உக்காந்திருக்கேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அது அடங்கும் வரை காத்திருந்து, அனிதா முன்வரிசையைப் பார்த்தாள்.

"ம்மா. கேட்டியா? வளையம் இல்லன்னா இவரும் இல்ல, நாமளும் இல்ல. இப்ப நான் அதத் தூக்கப் போறேன். இவரு சொன்னது நெசம்னா அப்பறம் ஒனக்கு ஊசியே வேணாம், யாருக்கும் எதுவும் வேணாம். ஒண்ணும் ஆவலன்னா, இங்கருந்து நேரா ஆஸ்பத்திரி. சரியா?"

"அடியே பாவி, எறங்குடி!" என்று அலறினாள் இன்னாசிமேரி. அனிதா அதற்குள் மேடை ஏறியிருந்தாள்.

மேடையில் நின்றபோது அவளுக்கு வந்த சந்தேகத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இருந்தாலும் எங்கேயாவது ஒன்றைத் திசை மாற்றிப் பார்த்திருந்தால்? முன்பும் ஒருதடவை அப்படித்தானே நடந்தது? கை வளையத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. அப்போது அம்மாவின் காலிலிருந்து அந்த வாடை வந்தது. இரண்டு கையாலும் பிடித்து, ஆயிரம் காந்தத்தின் கனம் இருக்கும் என்று மூச்சை அடக்கி, தூக்கினாள்.

பின்பக்கமாக விழப்பார்த்தாள். கனமே இல்லை. காற்றடைத்த லாரி டியூப். அதன்மேல் மயிரிழைக் கம்பி.

மண்டபம் ஒரே ஓலம். கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. ஒருவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். சூரியன் வெடித்தால் பிளாஸ்டிக் நாற்காலி காக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்பது அவருக்கே வெளிச்சம். செயலாளர் மணிவண்ணன் உண்டியலை அணைத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் தேடினார். ஓடுகிற கால்கள் மேடைத் துணியில் சிக்கி இழுத்தன. மேசை ஆடியது.

எல்லோரும் ஓடுகையில், ஓடாமல் இருந்தவர் ஒரே ஒருவர். முதலில் சாம்பலாக வேண்டியவர். சம்மணம் கலையாமல் உட்கார்ந்து, மைக்கில் கத்தினார்:

"ஓடாதீங்கய்யா! ஒண்ணும் ஆவாதுய்யா! யோவ், துணிய இழுக்காதீங்க, ஒயரு புடுங்கிக்கப் போவுது! ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன்ல!"

அடிகள் அருளிய வாக்குகளில் பலித்தது இது ஒன்றுதான். ஒன்றும் ஆகவில்லை. வளையம் அனிதாவின் கையில் தொங்கியது. உருண்டைக்குள் ஊதா நெருப்பு முன்பு எப்படி நெளிந்ததோ அப்படியே நெளிந்தது.

வாசலில் நெருக்கியடித்து நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"சாமி... அப்ப சாம்பல்?"

அடிகள் மைக்கைக் கீழே வைத்தார்.

"ஒயரா? எந்த ஒயரு?" என்றாள் குணசுந்தரி. கூட்டத்தில் முதலில் யோசித்தது அவளுடைய முழங்கால்தான். அவ்வளவு தூரம் பஸ்சில் வந்து வலித்திருந்தது. நேராகப் போய் மேசையின் பட்டுத் துணியை உருவினாள். மேசைக்கு நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு ஒயர். கீழே இன்வெர்ட்டர், அதற்குக் கீழே லாரி பேட்டரி. டியூப், பேட்டரி எல்லாம் ஒரே லாரியினுடையது போலிருக்கிறது. குணசுந்தரி ஒயரைப் பிடுங்கினாள். சூரியன் அஸ்தமித்தது.

இருட்டில் யாரோ அடிகள் முகத்தில் டார்ச் அடித்தார்கள். "டேய், இவன் நம்ம சாமிக்கண்ணு! தேர்த்திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுவானே!" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு நடந்தவற்றைப் போலீஸ் வந்து நிறுத்தியது.

இன்னாசிமேரி அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஊசி போட்டுக்கொண்டாள். பெருவிரல் திரும்பக் கிடைக்கவில்லை. அதை எடுத்தால்தான் கால் நிற்கும் என்றுவிட்டார்கள். எடுத்த பிறகு கால் நின்றது. "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா இதுவும் நின்னிருக்கும்" என்று டாக்டர் திட்டினார். இன்னாசிமேரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே, "அந்த மருந்துப் புட்டியத் தூக்கிப் போடல. அரிசி டின்னுக்குள்ள கெடக்கு. அது கெட்டுப் போயிருக்கும், புதுசு வாங்கு" என்றாள். அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அனிதாவுக்கு அது போதும்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

விரலை எடுத்த மறுநாள் வார்டு வாசலில் ஒரு சின்னக் கூட்டம். முன்னால் குணசுந்தரி. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், தலையில் கட்டோடு ஒரு பெரியவர், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் அனிதாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"இன்னாக்கா இது?"

"இல்ல பாப்பா, அவ்ளோ பேரு ஓடுனப்ப நீ மட்டும் சூரியனையே கையால அடக்கி நின்னியே. அந்தச் சக்கரம்கூட ஒங்கையால வரைஞ்சதாமே, மேரிக்கா சொன்னாங்க. அந்தக் கையால இந்தப் புள்ள நெத்தியில ஒருதடவ தொட்டா..."

அனிதா தன் கையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தொட்டாள். நெற்றி கொதித்தது.

"காய்ச்சல். கீழ ஓபியில டாக்டர் இருக்காரு, தூக்கிட்டு ஓடுங்க. அக்கா, அங்க ஒயரப் புடுங்குனது யாரு?"

"நான்தான்."

"அப்ப எங்கைய எதுக்குக் கும்புடுறீங்க? ஒங்க கையி இன்னா, வெறும் கும்புடறதுக்கா இருக்கு? அடுத்தவன் எவனாவது தொடாதன்னு சொன்னா, மொதல்ல அதத் தூக்கிப் பாருங்க."